ஆறாம் நம்பர்ப் பிள்ளை

அத்தியாயம் பதினேழு

போன வாரம் மரியகொரட்டியைக் கண்ணீரும் கோபமுமாக அடுப்படியில் விட்டுவிட்டு வந்தோம். கோபம் மகன் ஜூட் மேல். பதுளை டவுனில் ஹார்ட்வேர் கடையில் நிற்கிற அந்தப் பயல், தங்கச்சி அனுஷ்காவை ஜோர்தானுக்குத் தையல் வேலைக்கு அனுப்புவதாக ஏஜென்சியில் பேசி முடித்துவிட்டான். அதைப் போனில், கறிவேப்பிலை வாங்கிவிட்டேன் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். இந்தக் கிழமைக்குள் அனுஷ்கா சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் மெடிக்கல், அதற்கப்புறம் பிளேன். பிறகு வருஷக்கணக்கில் பெற்றவள் மகளைப் போனில்தான் பார்க்க வேண்டும்.

வேண்டாம் என்று சொல்ல மரியகொரட்டிக்கு நாக்குத் துடித்தது. ஆனால் வேண்டாமென்றால் இங்கே என்ன இருக்கிறது என்று ஜூட் திருப்பிக் கேட்பான். உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணி, டிப்ளோமாவும் முடித்து, துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருக்கிற பிள்ளையை என்னோடு தேயிலை மலைக்கு வந்து கொழுந்து பறி என்றா சொல்ல முடியும்? புருஷன் தேவதாசன் இருந்திருந்தால் இரண்டில் ஒன்று பேசியிருப்பான். அவன் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது.

இதற்கு முன்னால் அனுஷ்கா இரண்டு வேலைக்கு இன்டர்வியூ போனாள். இரண்டும் கைக்கெட்டி வாய்க்கெட்டவில்லை. இரண்டு தடவையும் முதல் நாளே மரியகொரட்டி, தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஆகவே ஊர்க்கண்தான் பட்டுவிட்டது என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறாதவள்தான். ஆனாலும் பிள்ளைக்கு ஒன்றென்றால் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடாமல் அவளுக்குத் தூக்கம் வராது. பாதருக்கும் இது தெரியும், அவர் கண்டும் காணாதவராக இருந்துகொள்வார்.

இனி எந்த வேலைக்குப் போனாலும் கையில் கிடைக்கிற வரைக்கும் ஈ காக்காய்க்கும் மூச்சு விடக்கூடாது என்று மகளுக்கு அவள் உத்தரவு போட்டிருந்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை அனுஷ்கா. கேட்டதுதான் கேட்டாள், பெற்றவளுக்கும் சேர்த்தே மறைத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் கல்லுமலைத் தோட்டத்து லயத்திலிருந்து அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்றாள் மகள். மலைக்குப் போகிறேன் என்றாள் தாய். மரியகொரட்டி முதல் பஸ்ஸைப் பிடித்தாள், அனுஷ்கா அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள். நமுனுகுல மலைக்கு மேலே மழை இருட்டிக்கொண்டு நின்றது.

தாய் சொன்ன பொய்க்குக் காரணம் வேறு. பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் நடக்கிற இயேசுவின் பாடுகளின் நாடகத்தில், சிலுவை சுமந்து போகிற வழியில் நின்று அழுகிற பெண் எப்போதும் மரியகொரட்டிதான். அவள் அழுதால் பார்க்க வந்த சனமும் சேர்ந்து மூக்கைச் சிந்தும். போன வருஷம் எவனோ அதை வீடியோ எடுத்து போனில் போட்டுவிட, துணிக்கடைப் பெண்கள் அதைப் பார்த்துச் சிரிக்க, அனுஷ்கா வீட்டுக்கு வந்து அழுதாள். இனிமேல் நடிக்கவே கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்படியிருக்க, கோயில் சிஸ்டர் வந்து, பதுளையில் ஒரு நாள் நடிக்க வேண்டும், கொழும்பிலிருந்து வருகிறார்கள், நல்ல மனிதர்கள் என்று கேட்டதும் மரியகொரட்டியால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஜோர்தானில் குளிர் காலத்தில் குளிர் கொன்றுவிடுமாமே, பிள்ளைக்கு ஒரு நல்ல கம்பளிச் சட்டையாவது வாங்கலாமே என்று ஒரு கணக்கும் மனசுக்குள் ஓடியது.

டவுனில் ஒரு விடுதியின் மேல்மாடிதான் இடம். ஷிஹானா என்கிற இளம்பெண் அவளை வரவேற்றுத் தேத்தண்ணி கொடுத்து, விஷயத்தைப் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். ஆள் சேர்க்கிற நிறுவனமொன்றில் ஷிஹானாவுக்கு வேலை. பசறைப் பக்கத்துத் தோட்டங்களை நடத்துகிற கம்பெனிக்கு ஒரு நலன்புரி உத்தியோகத்தர் தேவை. தொழிலாளியின் வீடு, தண்ணீர், பிள்ளைகள், நோய் நொடி எல்லாம் பார்க்கிற வேலை. இருப்பது ஒரே ஒரு இடம், ஆறு பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதற்குப் பேர் அசெஸ்மென்ட் சென்டர் என்றாள். சென்டர் என்றதும் ஏதோ கட்டடம் என்று மரியகொரட்டி நினைத்தாள். கட்டடமில்லையாம், ஒரு நாள் முழுக்க நடக்கிற சோதனையாம்.

கால் மணி நேரம் உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் யாரும் நல்லவராகத்தான் தெரிவார் என்பது ஷிஹானாவின் கட்சி. ஆகவே கேள்வி கேட்பதைவிட, வேலையையே கொடுத்துச் செய்ய விட்டுப் பார்ப்பார்கள். ஆறு பேரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்து ஒரு பிரச்சினையைப் பேசவிடுவார்கள். குவிந்து கிடக்கிற கடிதங்களைக் கொடுத்து எதை முதலில் பார்ப்பாய் என்பார்கள். கடைசியில் கோபத்தோடு ஒரு தொழிலாளி வந்து சண்டை பிடிப்பார். அந்தத் தொழிலாளிதான் மரியகொரட்டி.

கம்பெனி சார்பில் வந்து உட்கார்ந்திருந்த வீரசிங்கம் என்கிற பெரியவருக்கு இதிலெல்லாம் அவ்வளவு பிடிப்பில்லை. தன் காலத்தில் ஒருவன் கதவைத் திறந்துகொண்டு வருகிற விதத்தை வைத்தே ஆளை எடுத்ததாகச் சொன்னார். அப்படி எடுத்த ஆட்களில் எத்தனை பேர் நிலைத்தார்கள் என்று ஷிஹானா சிரித்துக்கொண்டே கேட்டாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு விதியை மட்டும் ஷிஹானா இரண்டு தடவை சொன்னாள். வருகிறவர்களுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். யாராவது தெரிந்தவராக இருந்தால் நடிக்கிறவரும் சொல்ல வேண்டும், வந்தவரும் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் பகுதி அவருக்கு நடக்காது. சொல்லாமல் மறைத்தது தெரிந்தால் ஆளையே விலக்கிவிடுவார்கள். எனக்கு இங்கே வருகிற பிள்ளைகளில் யாரைத் தெரியும் என்று மரியகொரட்டி தலையாட்டினாள்.

அவளுக்குக் கொடுத்த வேஷம் சுலபமானது. லயத்துக் கூரை ஒழுகுகிறது, பல தடவை சொல்லியும் ஒருவரும் வரவில்லை, இன்றைக்குக் கேட்டே தீருவது என்று ஆபீசுக்கு வந்திருக்கிறாள். ஆறு பேருக்கும் ஒரே மாதிரிக் கத்த வேண்டும், ஒருவருக்குக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நடிக்கிறதற்கு இதில் என்ன இருக்கிறது? நேற்று ராத்திரிகூடக் கல்லுமலையில் அவள் வீட்டுக் கூரை ஒழுகியது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் முறை வந்தது. முதலாம் நம்பர் அவள் போட்ட சத்தத்தில் உறைந்துபோய் உட்கார்ந்துவிட்டது, பாவம். இரண்டாவது, "உங்க கஷ்டம் எனக்கு நல்லா விளங்குது" என்று கையை நெஞ்சில் வைத்துச் சொன்னது. மூன்றாவதும் அதே பேச்சு, அதே நெஞ்சு, அதே கை. இரண்டு பேரும் ஒரே டியூஷன் வகுப்பில் இதற்கென்றே படித்திருக்கிறார்கள் என்று வீரசிங்கம் இடைவேளையில் சொல்லிச் சிரித்தார். நாலாம் நம்பர் பண்டாரவளைப் பக்கத்துப் பையன், அமைதியானவன், எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டான். ஐந்தாவது பையன் இன்று பின்னேரத்துக்குள்ளேயே தகரம் வந்து இறங்கும் என்று அடித்துச் சொன்னான். மரியகொரட்டிக்கு அவனைக் கும்பிடலாம் போலிருந்தது. ஷிஹானா உதட்டைக் கடித்துக்கொண்டு என்னவோ எழுதினாள்.

ஆறாவதுக்கும் அதே போலத்தான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சத்தத்தைத் தொண்டையில் ஏற்றிக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

மேசைக்குப் பின்னால் அனுஷ்கா உட்கார்ந்திருந்தாள். ஈஸ்டருக்குத் தைத்த நீலச் சட்டை, நெஞ்சில் ஆறு என்று ஓர் அட்டை.

மரியகொரட்டிக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. கடையில் இருக்க வேண்டிய பிள்ளை இங்கே எப்படி? பிறகுதான் எல்லாம் ஒவ்வொன்றாக உறைத்தது. யாருக்கும் சொல்லாதே என்று தான் போட்ட உத்தரவு, கொஞ்ச நாளாக ராத்திரியில் பிள்ளை போனை வைத்துப் படித்துக்கொண்டிருந்தது, பசறை இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று ஒரு நாள் சும்மா கேட்டது. அந்த வேலை கிடைத்தால் காலையில் போய் ராத்திரிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஜோர்தான் இல்லை, மெடிக்கல் இல்லை, பிளேன் இல்லை.

மூலையில் ஷிஹானாவும் வீரசிங்கமும் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்கள். இது எம் மக என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். சொன்னால் பிள்ளைக்கு இந்தப் பகுதியே நடக்காது, மார்க் இல்லாமல் போய்விடும். அந்த நேரத்தில் அனுஷ்கா எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் யாரோ ஒருத்தியின் குரலாக வந்தது.

"வாங்க. இப்பிடி உக்காருங்க. என்னா பிரச்சின?"

மற்ற ஐந்து பேரும் வாய் நிறைய அம்மா அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். இவள் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டாள். தாய்க்கு விளங்கிவிட்டது. பெரிய வெள்ளிக்கிழமைத் தெய்வத்தை மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டு அவள் தன் வேஷத்தைத் தொடங்கினாள்.

கூரை ஒழுகுகிறது, சட்டி வைத்து முடியவில்லை, சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது என்று கத்தினாள். அனுஷ்கா குறுக்கே பேசவில்லை. கத்தி ஓய்ந்ததும் கேட்க ஆரம்பித்தாள். எந்தப் பக்கத்து மழைக்கு ஒழுகுகிறது, படுக்கிறது எங்கே, அடுப்புக்குத் தண்ணீர் வருகிறதா, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். நானும் எம் மகளும்தான், ராத்திரியில் பாயை இழுத்து இழுத்து மூலைக்குப் போவோம் என்று மரியகொரட்டி சொன்னாள். அந்தப் பாயின் மறுபக்கத்தில் முந்தின இரவு படுத்திருந்தவள் அதைப் புதுச் சேதி மாதிரி எழுதிக்கொண்டாள்.

"ஸ்டோர்ல தகரம் இல்ல. இன்னைக்கு வரும்னு நான் பொய் சொல்லமாட்டேன்" என்றாள் அனுஷ்கா. "இப்பத்திக்கு ஒரு தார்ப்பாய் தர்றேன், கொண்டு போங்க. நாளைக்கு வேல முடிஞ்சதும் நானே லயத்துக்கு வந்து கூரையப் பாக்குறேன். தகரத்துக்கு எழுதிப் போட்டத உங்களுக்கும் காட்டுறேன்."

இந்த இடத்தில் மறுபடியும் கத்த வேண்டும் என்பது ஷிஹானா சொல்லிக் கொடுத்தது. ஆறு பேருக்கும் ஒரே மாதிரி. மரியகொரட்டி பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"நீயும் அவனுங்க மாதிரிதான். அந்த நாக்காலியில உக்காந்தா எல்லாரும் ஒண்ணுதான்."

அனுஷ்கா பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு அவளை நேரே பார்த்தாள்.

"நாளைக்கு நான் வரலைன்னா இதச் சொல்லுங்க. அப்ப நான் கேட்டுக்கிறேன்."

வெளியே வந்து மரியகொரட்டி சுவரில் சாய்ந்துகொண்டாள். பயம் பாதி, பெருமை பாதி. இதுவா என் பிள்ளை? இடி இடித்தால் இன்னும் என் முந்தானைக்குள் தலையை விடுகிற பிள்ளையா இப்படிப் பேசுகிறது? இந்த வேலை இவளுக்குத்தான், மாதாவே, இவளுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஷிஹானா தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இது அவளே புதிதாகச் சேர்த்த ஒரு காரியம். நலன்புரி உத்தியோகத்தரிடம் போகப்போகிறவள் தொழிலாளி, அவளுடைய சொல்லுக்கும் மார்க் உண்டு என்று கம்பெனியோடு வாதாடி வாங்கியிருந்தாள். ஒவ்வொரு நம்பராகக் கேட்டாள். மரியகொரட்டி தாராளமாக எல்லாரையும் நல்ல பிள்ளை என்றாள். உறைந்துபோன முதலாம் நம்பரைக்கூட, பயந்த புள்ள, போகப் போகச் சரியாயிரும் என்றாள். நாலாம் நம்பரை, நல்லாக் கேட்டிச்சு, தங்கமான பையன் என்றாள்.

கடைசியில் ஷிஹானா முகமெல்லாம் மலரச் சொன்னாள்: "ஆறாம் நம்பர் நல்லாச் செஞ்சாங்க இல்லையா? எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்திச்சு."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நம் லயங்களில் பெற்ற பிள்ளையை ஒருவர் முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாய்க்காரி ஆமாம் என்று சொல்ல மாட்டாள். சொன்னால் கண் பட்டுவிடும், பிள்ளைக்கு ஆகாது. உன் மகள் சமையல் நன்றாயிருக்கிறது என்றால், ஆமா, உப்புக்கும் சீனிக்கும் வித்தியாசம் தெரியாது அதுக்கு என்பாள். பையன் பாஸாமே என்றால், ஏதோ தட்டுத்தடுமாறி என்பாள். கேட்கிறவருக்கும் இது தெரியும். தாய் எவ்வளவுக்குத் தாழ்த்துகிறாளோ அவ்வளவுக்கு உள்ளே நிறைந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொள்வார். மரியகொரட்டி இருபத்துநாலு வருஷமாக அனுஷ்காவை இப்படித்தான் காப்பாற்றி வந்திருக்கிறாள். இரண்டு தடவை லயம் முழுக்கச் சொல்லிக் கெட்ட பிறகு இன்னும் கெட்டியாகவே காப்பாற்றினாள். அந்த நிமிஷத்தில் அவள் நடிக்க வந்தவள் என்பதும் எதிரே இருப்பவள் மார்க் போடுகிறவள் என்பதும் எங்கேயோ போய்விட்டன. பிள்ளையை ஒருத்தி புகழ்ந்துவிட்டாள், அவ்வளவுதான். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அதுவா மிஸ்? அதுக்கு என்னா தெரியும். சின்னப் புள்ள. வாய்தான் பேசுது, வெவரம் பத்தாது."

ஷிஹானா நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப உங்களுக்கு ஒரு பிரச்சினைன்னா அவங்ககிட்டப் போக மாட்டீங்களா?"

"அதுக்கிட்டயா?" மரியகொரட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதயே இன்னும் ஒருத்தர் பாத்துக்கணும் மிஸ்."

ஷிஹானா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். மரியகொரட்டி தேத்தண்ணியை ருசித்துக் குடித்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

பின்னேரம் மண்டபத்தில் ஆறு பேரையும் உட்கார வைத்து வீரசிங்கம் முடிவைச் சொன்னார். நாலாம் நம்பர். பண்டாரவளைப் பையன் நம்ப முடியாமல் இரண்டு பக்கமும் பார்த்தான். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த மரியகொரட்டிக்குக் காது அடைத்தது. இவ்வளவு நன்றாகச் செய்த பிள்ளைக்கு என்ன குறை கண்டார்கள் என்று கோபம்கூட வந்தது.

அந்தக் கோபத்தோடு நின்றவளிடம்தான் ஷிஹானா நன்றி சொல்ல வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவான குரலில், ரொம்பச் சந்தோஷமாகவே சொன்னாள்.

"உங்களாலதான் முடிவெடுக்க முடிஞ்சிச்சு. நாலும் ஆறும் சமமா நின்னாங்க. நீங்க சொன்னதுதான் தீர்த்து வச்சிச்சு."

மரியகொரட்டிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது ஷிஹானாவின் கையை விடாமல் இறுக்கிப் பிடித்தாள்.

"மிஸ், நான் அந்தப் புள்ளயத் தப்பா சொல்லிட்டேன். அது நல்ல புள்ள மிஸ். ரொம்ப நல்ல புள்ள."

ஷிஹானாவின் முகத்தில் இரக்கம் வந்தது. எல்லாரையும் பார்த்துப் பாவப்பட்டால் இந்த வேலை செய்ய முடியாது என்று அவள் ஆறுதலாகச் சொன்னாள். ரிசல்ட் கேட்ட பிறகு மனசு இளகுவது இயற்கைதான், அதனால்தான் முதலில் வாயில் வருகிற சொல்லை மட்டும் எடுப்பது என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள் என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அது என் மகள் என்பதுதான் அந்தக் காரணம். அதைச் சொன்னால் நாள் முழுக்க இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றியவர்களாகிவிடுவார்கள். பிள்ளையின் பேர் கெட்டுப்போகும், இனி எந்தக் கம்பெனியும் கூப்பிடாது. மரியகொரட்டி மண்டபத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அனுஷ்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தபடியே தலையை வேண்டாம் என்று மெல்ல அசைத்தாள்.

சோதனை பிழை என்று நாம் சட்டென்று சொல்லிவிட முடியாது. டியூஷன் பேச்சைப் பிடித்தார்கள், பொய் வாக்கைப் பிடித்தார்கள், அனுஷ்காவை ஆறு பேரில் மேலே கொண்டுவந்து நிறுத்தினார்கள். எந்த இன்டர்வியூவும் அந்தப் பிள்ளையை இவ்வளவு சரியாகப் பார்த்ததில்லை. ஒரு தாயின் வாயைத்தான் அவர்களால் படிக்க முடியவில்லை.

இரண்டு பேரும் தனித்தனியாகவே படியிறங்கி, தனித்தனியாகவே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். கல்லுமலை பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அனுஷ்கா வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பிறகு அனுஷ்கா, குறை நிறை சொல்வதற்குத் தன்னை உள்ளே கூப்பிட்டதைச் சொன்னாள். கடிதங்களைப் பார்த்ததில் அவள்தான் முதலாம். கூடிப் பேசியதில் நாலாம் நம்பர் முதலாம், இவள் அடுத்தது. தொழிலாளி தரப்பிலிருந்து மட்டும் ஒரு கருத்து வந்திருக்கிறதாம்.

"ஒண்ணும் தெரியாத சின்னப் புள்ளன்னு சொன்னீங்களாம்மா?"

"சொன்னேன்."

"ஏம்மா?"

"அந்த மிஸ் உன்ன நல்லாச் செஞ்சன்னாங்க." மரியகொரட்டிக்கு உதடு கோணியது. "நான் வேற என்னாடி சொல்லுவேன்?"

அனுஷ்காவுக்கு அம்மாவைத் தெரியும். சின்ன வயதிலிருந்து அந்தப் பேச்சைக் கேட்டு அதன் அர்த்தம் புரிந்து வளர்ந்தவள். கோபப்படவும் முடியவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. கைக்குட்டையை எடுத்து அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

பஸ் புறப்படப்போகிற நேரத்தில், நனைந்த பைகளோடு தனலெட்சுமி ஏறினாள். அவள் லயத்தில் இவர்களுக்குப் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி. அம்மாவும் மகளும் வேலை நாளில் டவுனில் ஒன்றாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், என்ன விசேஷம், பாப்பாவுக்கு வேலை ஏதும் சரிவந்துவிட்டதா என்று விசாரித்தாள். இல்லை என்று தெரிந்ததும் சமாதானமாகச் சொன்னாள்.

"விடுங்கக்கா. ஒங்க மக கெட்டிக்காரி. வேற கெடைக்கும்."

மரியகொரட்டியின் வாய் பழக்கத்துக்குத் திறந்தது. திறந்த வாயை மூடினாள். பிறகு எழுந்து நின்று, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஆமா தனம். எம் மக கெட்டிக்காரிதான். இன்னைக்கு அந்த மண்டபத்துக்கு வந்த ஆறு பேருல எம் மகதான் ஒசத்தி. அவ மாதிரி ஒருத்தியும் இல்ல."

முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு நேர் கீழே, குடையைப் பிடித்துக்கொண்டு பேப்பர் வாங்கிக்கொண்டிருந்த ஒருவரும் நிமிர்ந்து பார்த்தார். அது வீரசிங்கம். அவருடைய கண் தாயின் முகத்திலிருந்து மகளின் முகத்துக்குப் போனது, மறுபடியும் தாயிடம் வந்தது. மிச்சக் காசை நீட்டிய கடைக்காரனை அவர் கவனிக்கவில்லை. கையை உயர்த்தி என்னவோ சொல்ல வந்தார். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அந்தக் கை நிறுத்தச் சொல்லி உயர்ந்ததா, பிடித்துவிட்டேன் என்று உயர்ந்ததா என்று அனுஷ்காவுக்குத் தெரியவில்லை. மரியகொரட்டி அவரைப் பார்க்கவேயில்லை.

"இத அங்க சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள் அனுஷ்கா. குத்தலாகச் சொல்லவில்லை, களைப்போடுதான் சொன்னாள்.

பிறகு போனை எடுத்து ஜூட்டைக் கூப்பிட்டாள். சரி என்று ஏஜென்சியில் சொல்லச் சொன்னாள். மெடிக்கலுக்கு என்றைக்கு வரவேண்டும் என்று கேட்டாள். அந்தப் பக்கத்தில் ஜூட் நம்ப முடியாமல் இரண்டு தடவை கேட்டான். அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டான். அனுஷ்கா போனை அம்மாவிடம் கொடுத்தாள்.

"அம்மா, தங்கச்சிய அனுப்பவா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

மரியகொரட்டி போனைக் காதில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். போகவேண்டாம் என்று சொன்னால் அது பிள்ளையைக் கெடுக்குமோ, போகட்டும் என்று சொன்னால் அது கெடுக்குமோ, அவளுக்குத் தெரியவில்லை. தன் வாயிலிருந்து வருகிற எந்தச் சொல்லும் இனி இந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று அவளுக்குப் பயமாக இருந்தது. ஜூட் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் போனை அனுஷ்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.